இவர் நல்லவராக இருந்த நாட்கள்

செப்டம்பர் 9, திங்கள்

கடைசிப் புல் உருளையையும் சுற்றிக் கட்டியாயிற்று. இனி மழை வந்தால் வரட்டும். காலையில் பால் லாரி வந்து போகும்வரை மூடுபனி விலகவே இல்லை. எதிரே வருவது எந்த மாடு என்று கிட்டே வந்து மூஞ்சியை நீட்டிய பிறகுதான் தெரிந்தது.

சாப்பாட்டு வேளையில் ஒரு அதிசயம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இவர், "இன்னைக்கு சூப் நல்லா இருந்துச்சு" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். சமையலறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

இன்று எனக்கு ட்ரெய்லரோடு டிராக்டரைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். நேராக ஓட்டுவேன், அது கல்யாணமான வருஷமே வந்துவிட்டது. பின்னால் எடுப்பது மட்டும் இவருடைய தனி ராஜ்ஜியம். சாவியைக் கையில் கொடுத்தால் டிராக்டர் அழுதுவிடும் என்பதுபோல வைத்திருந்த மனுஷர், தானாகவே ஏறி உட்காரச் சொன்னார்.

"நீ எந்தப் பக்கம் போகணும்னு நினைக்கிறியோ, அதுக்கு எதிர்ப் பக்கம் திருப்பணும்."

"அப்படின்னா உங்களோட குடும்பம் நடத்துற மாதிரிதான்."

சிரித்தார்! நான் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றிவிட்டேன். தொட்டி நசுங்கியது. வானம் இடியப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். "பரவாயில்ல மிட்சுயே. நாளைக்குக் கை வந்துடும்" என்றார்.

என் கணவர் தெட்சுரோவின் பெயரில் என் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்றும் திட்டவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

நோமுரா வந்திருந்தாள். பண்ணைக்காரர்கள் வீட்டில் கல்யாணம், சாவு, காய்ச்சல் என்றால் அவர்களுக்குப் பதிலாக வந்து பால் கறந்து, தீவனம் போட்டு, சாணம் தள்ளிவிட்டுப் போவதுதான் அவளுடைய வேலை. இந்தப் பக்கத்து மாடுகளுக்கெல்லாம் அவளைத் தெரியும். நாங்கள்தான் அவளை அதிகம் கூப்பிடாத வீடு. இவர் யாரையும் நம்புவதில்லை. இன்று உறவுக்காரர் நினைவுப் பூஜை என்பதால் கூப்பிட வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது தேநீர் கொடுத்துவிட்டு, பேச்சு வாக்கில் இவருடைய மாற்றத்தைச் சொன்னேன். ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "அக்கா, ஆம்பள திடீர்னு நல்லவனா மாறினா ஒண்ணு தப்புப் பண்ணிருக்கான், இல்லேன்னா பண்ணப் போறான்."

"இவரா? புளிச்ச சைலேஜ் தீவன நாத்தத்தோட இருக்கிறவரை எவ பார்ப்பா?"

"நீங்க பாத்தீங்கல்ல?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 28, சனி

சோளம் வெட்டு. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் இயந்திரங்களோடு வந்துவிட்டார்கள். தட்டையும் கதிருமாக நறுக்கி வந்து குளிர்காலத் தீவனக் குழியில் கொட்டக் கொட்ட, நான்தான் டிராக்டரை மேலே ஏற்றி மிதித்தேன். வெட்டி முடித்த நிலத்தில் நாரைகள் இறங்கிச் சிந்திய சோளத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்து அவை பயப்படுவதில்லை. நாங்கள்தான் அவற்றுக்கு வழி விடுகிறோம்.

எல்லாருக்கும் சோற்றுருண்டையும் சால்மன் மீன் கூட்டும் கொடுத்தேன். இவர் ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொண்டார். சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, எங்கள் சினைமாடு கோமுகி ஈனும்போது இடப்பக்கமாகப் படுத்தால் உடனே எழுப்பிவிட வேண்டும் என்றும், அவள் அம்மாவுக்கும் அப்படித்தான் சிக்கல் வந்தது என்றும் சொன்னார். தீவனக்காரர் விலையேற்றினால் யாரிடம் பேச வேண்டும் என்றும் சொன்னார்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"தெரிஞ்சு வெச்சுக்கோ."

ஏன்? ஏன் நான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

அக்டோபர் 3, வியாழன்

மனதில் வைத்துப் புழுங்குவதைவிடக் கேட்டுவிடலாம் என்று மாலைக் கறவைக்கு நடுவில் கேட்டேவிட்டேன். இயந்திரச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"பண்ணையை விக்கப் போறீங்களா?"

"என்னது?"

"பண்ணையை! விக்கப்! போறீங்களா!"

"பைத்தியமா உனக்கு? யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. விற்கவில்லையாம். அப்பாடா என்று இருந்தது. அடுத்த மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "நீ ஆரஞ்சு மரம் பாத்திருக்கியா?"

"படத்துல."

"நானும் படத்துலதான். பழம் மரத்துல தொங்கறப்போ எப்படி இருக்கும்னு பாக்கணும். தெற்கே எஹிமே வரைக்கும் போனா இருக்காம். நவம்பர்ல போலாமா?"

என் கையிலிருந்த துணி சாணத்தில் விழுந்தது. குளிர்காலம் முழுக்கப் பெட்டி பெட்டியாக ஆரஞ்சு தின்கிறோம். மரம் எப்படி இருக்கும் என்று இவர் யோசித்தே நான் பார்த்ததில்லை. வடக்கே இந்த ஹொக்கைதோக் குளிரில் ஆரஞ்சுச் செடி ஒரு மாதம்கூடத் தாங்காது.

தேனிலவுக்குக்கூட நாங்கள் எங்கேயும் போனதில்லை. அன்றைக்கு ஒரு மாடு ஈன்றது.

அக்டோபர் 6, ஞாயிறு

சப்போரோவில் இருக்கும் மகள் அசுசாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"யாரு? அப்பாவா? ஊருக்கா? அம்மா, நீ வேற யாருக்கோ போன் போட்டுட்ட."

"உன் அப்பாதான்டி. எஹிமேக்கு."

"அங்க மாடு ஏதாவது ஏலத்துக்கு வருதா?"

"ஆரஞ்சு மரம் பாக்கணுமாம்."

"அம்மா, அப்பாவுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறார், முன்னைவிட நன்றாக இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

முதல் உறைபனி. மேய்ச்சல் நிலம் முழுக்க உப்புத் தூவினதுபோல இருந்தது. கோமுகிக்கு நவம்பர் பாதியில் ஈற்று. சரி, பயணம் அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டு இவரிடம் சொன்னேன். "நோமுரா இருக்கால்ல?" என்கிறார். யாரையும் நம்பாத மனுஷர்!

போய் ஒரு புது மேல்சட்டை வாங்கி வந்தேன். பழுப்பு நிறம். சாணம் பட்டாலும் தெரியாது என்று பார்த்துத்தான் எடுத்தேன். கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான், போகிற இடத்தில் சாணம் இருக்காது என்பது உறைத்தது.

நவம்பர் 12, செவ்வாய்

எஹிமேயின் மட்சுயாமா நகரம். விடுதி அறையில் எழுதுகிறேன்.

இரண்டு விமானம் மாறி வந்தோம். ஏறும்போது இவர் தன் கையை மோந்து பார்த்து, "மாட்டு வாசனை வருதா?" என்றார். வருகிறது என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் கேட்டுவிட்டு நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டோக்கியோ விமான நிலையத்தில் காத்திருக்கும்போதே கறவை நேரம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கை பரபரத்தது. பிறகு இவர் போனை எடுத்தார். நோமுரா எடுத்ததும் கத்தியது எனக்கே கேட்டது: "அண்ணே, இப்போதான் கறந்துக்கிட்டிருக்கேன்! போனை வைங்க! மாடெல்லாம் உங்களைத் தேடவே இல்ல!"

வருத்தப்படுவார் என்று நினைத்தேன். ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

நவம்பர் 13, புதன்

பழக்கதோஷம், நாலு மணிக்கெல்லாம் இரண்டு பேரும் விழித்துக்கொண்டோம். விழித்து என்ன செய்ய? மறுபடி படுத்துப் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. விடிந்ததும் முதல் ஆளாக வெந்நீர்க் குளியலுக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி, "எந்த ஊரும்மா? தோள் இப்படி இறுகிக் கிடக்கு?" என்றாள். ஹொக்கைதோ, மாட்டுப் பண்ணை என்றேன். "அதானே! ஆம்பளைத் தோளு" என்று முதுகைத் தேய்த்துவிட்டாள்.

இங்கே நவம்பரில் பூ இருக்கிறது. சன்னல் திறந்து கிடக்கிறது. கடைத்தெருவில் ஒரு இடத்தில் குழாயைத் திருகினால் ஆரஞ்சுச் சாறு வருகிறது. இவர் ஒரு கோப்பை குடித்தார், மறுபடி வரிசையில் போய் நின்று இன்னொன்று குடித்தார். மூன்றாம் தடவை என்னை நிற்கவைத்து என் பங்கையும் குடித்தார். இந்த மனிதரோடு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன், இப்படி ஒரு முகம் இவரிடம் இருப்பது தெரியாமல்.

சந்தோஷமாக இருக்கிறேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். சந்தோஷமாம். முட்டாள்.

நடந்ததை எழுதுகிறேன். காலை ரயிலில் கடலோரமாகப் போனோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. மலை முழுக்கப் படிப்படியாகக் கல் அடுக்கி ஆரஞ்சு மரங்கள். இலைப் பச்சையே தெரியாத அளவுக்குப் பழம். ஒரு சின்ன நிலையத்தில் இறங்கிச் சும்மா மேலே நடந்தோம். ஓச்சி என்ற தோட்டக்காரரும் அவர் மனைவியும் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். இவர் வேலிக்கு வெளியே நின்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஓச்சியே கூப்பிட்டார்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. எந்த ஊரு?"

மாட்டுப் பண்ணை என்றதும் அவருக்கு ஒரே குஷி. "நாங்க நினைச்சா நாலு நாள் பூட்டிட்டுப் போயிடலாம். மரம் ஒண்ணும் கேக்காது. உங்களுக்கு அப்படி முடியாதே!"

"ஆனா எங்களுக்கு மலை ஏற வேண்டாம்" என்றார் இவர்.

"அது சரி. காட்டுப்பன்னி வந்து பழத்தைத் தின்னுட்டுப் போவுது. உங்களுக்கு?"

"மான். புல்லையெல்லாம் தின்னுடும்."

இரண்டு பேரும் பத்து வருஷப் பழக்கம்போலத் தோளில் தட்டிக்கொண்டார்கள். "வெளிப்பக்கம் வெயில் பட்டதா பாத்து எடுங்க, அதுதான் இனிக்கும்" என்று கத்தரிக்கோலை இவர் கையில் கொடுத்தார் ஓச்சி. காம்பை இரண்டு தடவை வெட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும். இவர் பறித்த முதல் பழத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வெயிலில் சூடாக இருந்தது.

ஓச்சி தம்பதி சாப்பிடக் கீழே இறங்கிப் போனார்கள். நாங்கள் கல் சுவர் மேல் உட்கார்ந்தோம். கடல் பளபளத்தது. இவர் உரித்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"மிட்சுயே. ஆகஸ்ட்ல ஊர்க் கூடத்துக்கு வண்டி வந்து நெஞ்சைப் படம் எடுத்தாங்கல்ல."

"ஆமா."

"எனக்கு நிழல் மாதிரி ஒண்ணு தெரியுதாம். பெரிய ஆஸ்பத்திரியில போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க."

நான் பழத்தை மென்றுகொண்டிருந்தேன். மென்றுகொண்டே இருந்தேன்.

"எடுத்தீங்களா?"

"இல்ல. மொதல்ல சோளம் வெட்டி முடியட்டும்னு பாத்தேன். அப்புறம்... முடிவு தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்பினா அது வேற மாதிரிப் பயணமாயிடும். நான் இந்தப் பயணம் வரணும்னு நினைச்சேன்."

சூப் நல்லா இருந்துச்சு. பரவாயில்ல மிட்சுயே. கோமுகி இடப்பக்கம் படுத்தா எழுப்பிவிடு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் தலைக்குள் வந்து உட்கார்ந்தது. இந்த மனுஷன் என்னிடம் விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறார்! இரண்டு மாதமாக! நான் பல்லைக் காட்டிக்கொண்டு டிராக்டர் ஓட்டியிருக்கிறேன்!

"மாட்டுக்கு மடி கொஞ்சம் சூடா இருந்தா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுவீங்க. உங்க நெஞ்சுக்கு ரெண்டு மாசமா?"

"கத்தாத. கீழ கேக்கும்."

"கேக்கட்டும்! அதுக்குத்தான் நல்லவரா இருந்தீங்களா? எனக்கு வேண்டாம். உங்க நல்ல வார்த்தையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீங்க பழையபடி கத்திக்கிட்டு இருங்க. இருந்தா போதும்."

கையிலிருந்த பழத்தை எறிந்தேன். இவர் மேல்தான் எறிந்தேன், படவில்லை. அது கல் படியில் விழுந்து, அடுத்த படியில் விழுந்து, உருண்டு கீழே போயிற்று. கீழேயிருந்து ஓச்சியின் மனைவி, "அங்க பழம் உருளுது பாருங்க, கூடை சாஞ்சிடுச்சா?" என்று குரல் கொடுத்தாள். "ஒண்ணும் இல்லீங்க, கை தவறிடுச்சு" என்று இவர் பதில் சொன்னார்.

அவர்கள் ஒரு பை நிறையப் பழம் கொடுத்தார்கள். குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டேன். முகத்தைப் பார்த்திருப்பார்கள். என்ன நினைத்தார்களோ.

நவம்பர் 15, வெள்ளி

பேசவில்லை. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இவர் ஒவ்வொரு பழமாக உரித்து, வெள்ளை நாரையெல்லாம் எடுத்து, என் கைக்குட்டையில் சுளை சுளையாக வைத்தார். நான் சாப்பிட்டேன். இனிப்பு. பேசவில்லை.

மதியம் நோமுராவின் போன். மடியிலிருந்த தோலெல்லாம் சிதற இவர் எடுத்தார். கோமுகி!

"அண்ணே, ஈன்னுட்டா. இடப்பக்கம்தான் படுத்தா, நீங்க சொன்ன மாதிரியே. எழுப்பி விட்டேன். கிடேரிக்கன்னு. சீம்பால் குடிச்சிட்டுத் தூங்குது. நஞ்சுக்கொடியும் விழுந்துடுச்சு. நீங்க நிம்மதியா ஊர் சுத்துங்க."

போனை வைத்துவிட்டு இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மாடு ஈன்றதற்கு அழுகிற ஆள் இல்லை இவர். எழுந்து போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவீங்க. நான் பக்கத்துல நிப்பேன்" என்றேன். சரி என்றார்.

நவம்பர் 16, சனி

வீடு. இங்கே பனி விழுந்திருக்கிறது. கொட்டகைக் கதவைத் திறந்ததும் அந்தச் சூடும் வாசனையும் முகத்தில் அடித்தது. வயசான மாடு ஒன்று இவர் மேல்சட்டைப் பையில் மூக்கை விட்டு, ஆரஞ்சு வாசனைக்குத் தும்மியது. கன்று நன்றாக இருக்கிறது. நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி.

நோமுராவுக்குப் பழம் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தே, "என்ன தப்பு பண்ணாரு?" என்றாள். சொன்னேன். உரித்துக்கொண்டிருந்த பழத்தை அப்படியே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 18, திங்கள்

போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

நவம்பர் 21, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் குஷிரோவுக்குக் காரில் போய் ஸ்கேன் எடுத்தோம். முடிவு செவ்வாய்க்கிழமை. இவர் உள்ளே போயிருந்த நேரத்தில் நான் காத்திருந்த இடத்தில் ஒரு மீன் தொட்டி. அதில் ஒரு மீன் அடியிலேயே கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்தது. உயிரோடுதான் இருந்தது.

நவம்பர் 23, சனி

அசுசாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்கிறார். நானும் இப்போது மறைக்கிறேன். அப்படியானால் எனக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

இரவெல்லாம் இவர் இருமுகிறாரா என்று கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். இருமவில்லை. இருமாவிட்டாலும் பயமாக இருக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

கன்றுக்கு வயிற்றுப்போக்கு. நாள் முழுக்க அதோடு போராட்டம். நல்லவேளை, வேறு எதையும் நினைக்க நேரமில்லை. மாலையில் எழுந்து பால் குடித்தது. ஒன்று தேறியது. இன்னொன்று நாளை.

நவம்பர் 26, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை!

டாக்டர் சின்னப் பெண், அசுசா வயதுதான் இருக்கும். படத்தைத் திரையில் போட்டுக் காட்டி, "ஐயா, நுரையீரல் சுத்தமா இருக்கு" என்றாள். நான் இவர் கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது. இவருடையதா என்னுடையதா தெரியவில்லை.

"நிழல் மாதிரித் தெரிஞ்சது நுரையீரல் இல்ல, விலா எலும்பு. எப்பவோ முறிஞ்சு, தானா சேர்ந்திருக்கு. சேர்ந்த இடத்துல எலும்பு கொஞ்சம் தடிச்சிருக்கு, அதான். எப்போ அடிபட்டுச்சு?"

"அடியா? அப்படி எதுவும் இல்லையே."

"மாட்டுப் பண்ணைன்னு போட்டிருக்கு. மாடு ஏதாவது உதைச்சுதா?"

இவர் தரையைப் பார்த்தார். "உதைக்காத மாடு ஏதும்மா?"

"மூச்சு விட முடியாம, திரும்பிப் படுக்க முடியாம, ஒரு மாசம் போல?"

எனக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. அசுசா பள்ளிக்கூடத்தில் படித்த காலம், ஒரு கோடை. புல் வெட்டு. முதுகு பிடித்துக்கொண்டது என்று ஒரு மாதம் உட்கார்ந்தே தூங்கினார். நான் தினமும் முதுகில் பற்றுப் போட்டேன். முதுகில்!

"தம்போபோவா?" என்றேன். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த ஒரு முரட்டு மாடு.

தலையை ஆட்டினார். "புல் வெட்டு நேரம். உன்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்ப."

"அப்பவும் மறைச்சீங்களா!"

டாக்டர் பெண் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அடுத்த வருஷம் படம் எடுக்கும்போது, எலும்பு முறிஞ்சது உண்டுன்னு மறக்காம சொல்லிடுங்க" என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். இவரை நம்ப முடியாது என்றும் சொன்னேன்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் நான் அழுதேன். நன்றாகவே அழுதேன், மூக்கு ஒழுக. இவர் காரைக் கிளப்பவில்லை. "ஒரு மாட்டோட உதை" என்றார். கொஞ்சம் கழித்து, "பாவி மாடு" என்றார். அப்புறம் எனக்கும் இவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. பக்கத்துக் காரில் ஏற வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுச் சற்று தள்ளியே நின்றார்.

வழியில் நூடுல்ஸ் கடையில் நிறுத்தினோம். இவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். செப்டம்பரிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கறவைக்கு நேரமாகிவிட்டது. மாடுகள் வீட்டு வாசல் வரை கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தன. கத்தட்டும். என் செல்லங்களே, கத்துங்கள்.

நவம்பர் 27, புதன்

அசுசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுது, திட்டி, பிறகு அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவளிடம் இவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தேன்.

நவம்பர் 30, சனி

குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்கச் சுற்றியிருக்கும் மின்சூட்டுக் கம்பியை பிளக்கில் செருக மறந்துவிட்டேன். காலையில் கொட்டகையில் பாதிக் குழாய் உறைந்து இறுகிவிட்டது. இவர் போட்ட கூச்சலில் கூரைப் பனி சரிந்தது. "தலைக்குள்ள என்னத்த வெச்சிருக்க? வைக்கோலா?"

பால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். திட்டுகிறார். பழையபடி திட்டுகிறார்!

டிசம்பர் 8, ஞாயிறு

இத்தனை நாளாகிவிட்டது, சந்தோஷம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. சூப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. டிராக்டர் சாவி மறுபடி இவர் பைக்குள் போய்விட்டது. இன்று காலை மீன் உப்பு என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

நானும் என் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தேன். "சாகப் போறோம்னு நினைச்சாத்தான் உங்களுக்கு வாயில நல்ல வார்த்தை வருமா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"இருந்தா போதும்னு சொன்னேன். உண்மைதான். ஆனா போதாது. இருக்கிறவரு மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும். டிராக்டர் சாவி எனக்கும் வேணும். அவ்வளவுதான்."

எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். ரொம்பப் பேசிவிட்டேனோ? இல்லை. கொஞ்சம்தான் பேசினேன்.

டிசம்பர் 9, திங்கள்

சாவி சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஆணி புதியது.

ஜனவரி 12, ஞாயிறு

இரண்டு நாள் பனிப்புயல். இன்று காலைதான் அடங்கியது. பால் லாரி வர வேண்டுமானால் சாலை வரைக்கும் பாதை வெட்டியாக வேண்டும். இவர் கொட்டகைக் கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்ததால் நான் டிராக்டரை எடுத்தேன். பின்னால் எடுத்து, முன்னால் தள்ளி, மறுபடி பின்னால் எடுத்து... கூரையிலிருந்து ஒரே கத்தல்: "இடது! இடது! ஏய், கண்ணு தெரியலையா? இடது!"

ஜன்னலைத் திறந்து நானும் கத்தினேன்: "பேசாம இருங்க! நீங்க நினைக்கிற பக்கம் இல்ல, அதுக்கு எதிர்ப் பக்கம்!"

மேலேயிருந்து மறுபடி பனி சரியும் சத்தம்தான் வந்தது. லாரிக்காரர் வந்து நின்று பாதையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு யார் வெட்டினது? ரொம்ப நேரா இருக்கே" என்று கேட்டார். இவர் கூரையிலிருந்து என்னைக் கையால் காட்டினார்.

மதியம் நான் கன்றுகளுக்குப் பால்பவுடர் கரைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து இவர் போனில் பேசுவது கேட்டது. நோமுராவிடம். போனில் பேசினால் இவர் கத்தித்தான் பேசுவார், அடுத்த ஊருக்கே கேட்கும்.

"மார்ச்ல நாலு நாள்... ஆமா, நாலு. வர முடியுமா முடியாதா, அதைச் சொல்லு... எங்கயோ. அவ கடலைத் தாண்டி எங்கயாவது போகணும்னு சொன்னா அங்க... சாவா? யாரும் சாகல... கல்யாணமும் இல்ல. உடம்புக்கு என்ன, ஒண்ணும் இல்ல... அட, ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல? சும்மாதான் போறோம்."